பேனர் இழுக்கும் சிறு விமானம்: கயிறு மாட்டும் நேரத்தில் விபத்தைத் தவிர்ப்பது எப்படி

விளம்பர பேனர் இழுக்கும் சிறு விமானம் பெரும்பாலும் பேனரோடு ஓடுதளத்தை விட்டுக் கிளம்புவதில்லை. வெறும் விமானமாக ஏறி, ஒரு சுற்று வந்து, வாலுக்குப் பின்னால் தொங்கும் கொக்கியால் கீழே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றை அள்ளிக்கொண்டு மேலே போகிறது. தரையில் விரித்துக் கிடக்கும் பேனர், ஒட்டிய தாளை உரிப்பது போலத் தலைப்பக்கத்திலிருந்து எழுத்து எழுத்தாக எழும்புகிறது.

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பத்து விநாடியில் விமானம் தரையை ஒட்டி இருக்கிறது, மூக்கு மேலே தூக்கியிருக்கிறது, வேகம் வடிந்துகொண்டிருக்கிறது, அதோடு பின்னால் ஒரு பாரமும் வந்து விழுகிறது. இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்துகள் சில வகைதான்: கயிறு மாட்டிய ஏற்றத்தில் ஸ்டால் ஆவது (இறக்கை தூக்கும் வலுவை இழப்பது), கொக்கி விமானத்தின் உடம்பிலேயே சிக்குவது, இழுத்துச் செல்லும்போது எஞ்சின் நிற்பது, தாழ்வான மெதுவான திருப்பத்தில் ஸ்டால் ஆவது. எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு செயல்கள் மாறுவதில்லை. முதலில் மூக்கைத் தாழ்த்து, அடுத்து பேனரை விடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் குறிப்புகள் நேரடிப் பயிற்சிக்கு மாற்று அல்ல. கயிறு மாட்டுவதைக் காகிதத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்த பயிற்றுநர் தரையில் வானொலியோடு நிற்க, முதலில் பேனர் இல்லாமல் கம்பங்களில் கட்டிய வெறும் கயிற்று வளையத்தை மட்டும் வைத்துப் பழக வேண்டும். அனுமதியும் தனி. அமெரிக்காவில் விதி 91.311, விலக்குச் சான்றிதழ் இல்லாமல் பேனர் இழுப்பதைத் தடுக்கிறது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்து, அனுமதித் தாளில் எழுதியிருக்கும் எழுத்து எண்ணிக்கை, உயரம், இடம் மூன்றையும் அப்படியே கடைப்பிடியுங்கள்.

பாரம் விமானத்தை எப்படி இழுக்கிறது

இழுவைக் கொக்கியைப் பூட்டும் ஹிட்ச் வாலின் கடைசியில் இருக்கிறது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்க பேனர் இன்னும் தரையில் கிடந்தால், கயிறு பின்னோக்கி மட்டுமல்ல, கீழ்நோக்கியும் இழுக்கும். வால் கீழே போகும், மூக்கு தானாகவே இன்னும் மேலே ஏறும். பாரம் விழுந்தால் மூக்கு கவிழும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். ஏற்கெனவே தூக்கியிருக்கும் மூக்கு மேலும் தூக்கும், வேகமோ குறைந்துகொண்டே போகும். மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளாமல் சும்மா பிடித்திருந்தாலே போதும், ஸ்டால் வந்துவிடும். அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடமில்லை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தை 50 ஆக்கினால் பேனரின் தடை 1.56 மடங்காகும். ஆகவே வேகமாகப் போய்ப் பாதுகாப்பைத் தேட முடியாது. எஞ்சினுக்கு அந்த வலு இல்லை. மெதுவாகப் போனால் ஸ்டால் வேகம் பக்கத்தில் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ஒடுக்கமான பாதை. திருப்பம் அதை இன்னும் ஒடுக்குகிறது. உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 7 சதவீதம் கூடும். 45 டிகிரியில் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம். பேனர் பின்னால் இருக்கும்போது 20 டிகிரிக்கு மேல் சாய வேண்டிய தேவையே வராதபடி பாதையை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

ஹிட்ச், கொக்கி, கொக்கிக் கயிறு

பைப்பர் சூப்பர் கப், பைப்பர் பானீ, சிட்டாப்ரியா, செஸ்னா 172 போன்றவை இந்த வேலைக்கு வழக்கமாக வருபவை. பானீ மருந்து தெளிக்கப் பிறந்த ஒற்றை இருக்கை விமானம். 235 குதிரைத்திறன் எஞ்சின் இருப்பதால் இழுவைக்குத் தாராளமாக வலு உண்டு. சூப்பர் கப்பின் 150 குதிரைத்திறன் சிறிய பேனருக்குப் போதும். எந்த விமானமானாலும் ஹிட்ச் அந்த மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பட்டறையில் பற்றவைத்த ஏற்பாடு கூடவே கூடாது.

நாளின் முதல் பறப்புக்கு முன், கயிற்றை விடுவிக்கும் ரிலீஸைச் சோதியுங்கள். சும்மா கைப்பிடியை இழுத்து, "டக்" என்று சத்தம் வருகிறதா என்று கேட்பது சோதனை ஆகாது. கயிற்றின் வளையத்தை ஹிட்ச்சில் பூட்டி, ஒருவர் தன் உடல் எடையைப் போட்டுப் பின்னால் இழுக்க, விமானி இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியை இழுக்க வேண்டும். நேர் பின்னால் ஒருமுறை, கீழ்நோக்கிச் சாய்த்து ஒருமுறை, இடமும் வலமும் ஒவ்வொரு முறை. நான்கிலும் வளையம் தங்காமல் விழ வேண்டும். பாரம் இல்லாதபோது நன்றாகத் திறந்து, பாரம் ஏறியதும் இறுகிக்கொள்ளும் ஹிட்ச் உண்டு. காரணம் பெரும்பாலும் உள்ளே புகுந்த மணல், காய்ந்த கிரீஸ், நீண்டுபோன கேபிள், அல்லது மடங்கி உள்ளே கேபிளை உரசும் உறை. நான்கில் ஒரு முறை தங்கினாலும் அன்று இழுவை கிடையாது.

கொக்கி மூன்று அல்லது நான்கு முள் கொண்ட சிறு நங்கூரம் போல இருக்கும். அதன் கயிறு வாலில் உள்ள ஹிட்ச்சிலிருந்து உடற்பகுதியின் வெளிப்புறமாக முன்னால் வந்து ஜன்னல் வழியே விமானியிடம் சேரும். கொக்கி உள்ளே இருக்கும், ஏறிய பிறகுதான் வெளியே எறியப்படும். இந்தக் கயிறு போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே வாலிலிருந்து ஜன்னல் வரை நடந்து பாருங்கள். இறக்கைத் தாங்கிக்கு வெளியேயா உள்ளேயா, சக்கரக் காலில் ஏறும் படியில் மாட்டுமா, வால் சக்கரத்தின் ஸ்பிரிங்கைச் சுற்றியிருக்கிறதா, கிடைமட்ட வாலுக்குக் கீழேதான் போகிறதா? படபடக்காமல் இருக்க இரண்டு மூன்று இடத்தில் எளிதில் பிய்யும் டேப்பால் ஒட்டுவது வழக்கம். எளிதில் பிய்ய வேண்டும் என்பது முக்கியம். கெட்டியான டேப் கொக்கியைப் பாதியில் நிறுத்திவிடும்.

உள்ளே கொக்கிக்கென ஒரு தாங்கி இருக்கட்டும். மடியில் கிடக்கும் கொக்கி, எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கேபிளிலோ ஸ்டிக்கிலோ மாட்டக்கூடும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. ஒரே பறப்பில் பல பேனர் மாற்றுவதற்காக மூன்று நான்கு கொக்கி எடுத்துச் செல்பவர்கள் ஒவ்வொரு கயிற்றுக்கும் வேறு நிறம் வையுங்கள். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ரிலீஸ் இழுத்தும் பேனர் போகாது.

தரையில் விரிப்பது

பேனரைக் காற்றின் திசையில் நீளமாக விரிக்க வேண்டும். தலைப்பக்கம் கம்பங்களுக்கு அருகில், வால்பக்கம் விமானம் வரும் திசையில். விமானத்தின் பாதைக்கு நேர் கீழே வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், மாட்டாமல் போய்த் தாழ்ந்து வரும் விமானத்தின் சக்கரத்தில் சிக்காது.

எழுத்துகள் வழக்கமாக 5 அல்லது 7 அடி உயரம். நைலான் துணியை இழைக்கண்ணாடிக் குச்சிகள் விறைப்பாகப் பிடித்திருக்கும். தலையில் ஒரு முன்கம்பு, அதன் அடியில் எடை. இந்த எடைதான் பேனரை நிமிர்த்தி வைக்கிறது. அது குறைந்தாலோ கழன்றாலோ பேனர் சுழன்று கயிறு முறுக்கேறும். முன்கம்புக்கும் இழுவைக் கயிற்றுக்கும் நடுவே உள்ள சுழலி கையால் லேசாகத் திருகினாலே சுற்ற வேண்டும். துருப்பிடித்த சுழலியை எண்ணெய் போட்டுச் சமாளிக்காமல் மாற்றுங்கள். ஒவ்வொரு குச்சியின் நுனியும் பாக்கெட்டுக்குள் முழுதாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குச்சி வெளியே வந்தால் அடுத்த எழுத்து மடங்கி, அதன் பின்னுள்ளவை எல்லாம் கந்தலாகும்.

எழுத்து வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் எழுத்து விமானத்துக்கு அருகில் இருந்தால், வாசகம் நேராகத் தெரிவது விமானத்தின் இடப்பக்கம் நிற்பவர்களுக்குத்தான். ஆகவே கூட்டம் எப்போதும் விமானியின் இடது கைப்பக்கம் இருக்கும்படி பாதையைப் போட வேண்டும்.

இழுவைக் கயிறு சுமார் 200 முதல் 300 அடி. அதை ஒன்றன் மேல் ஒன்று ஏறாதபடி நீண்ட மடிப்பாகத் தரையில் போடுங்கள். விமானம் கயிற்றை அள்ளி, கயிறு முழுதும் எழுந்து விறைக்கும்வரை கிடைக்கும் நேரம்தான் விமானத்துக்கு உயரம் சேர்க்கும் நேரம். பின்னிய கயிறு அந்த நேரத்தைத் திருடிவிடும், பாரம் எதிர்பாராத நொடியில் விழும்.

கம்பங்கள் 10 முதல் 15 அடி உயரம், இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவு. பிளாஸ்டிக் குழாய் போல மோதினால் முறியும் பொருளாக இருக்க வேண்டும். இரும்புக் குழாயை நட்டால் சக்கரம் பட்டதும் விமானத்தையே கவிழ்க்கும். மேலே வளையத்தைப் பிடிக்கும் கிளிப் அல்லது வெட்டு, விரலால் இழுத்தாலே விடும் அளவுக்கு இருந்தால் போதும்.

ஏறும் திசையில் மின்கம்பி, மரம், கட்டடம் இல்லாத இடமாகப் பாருங்கள். கயிறு மாட்டாமல் போனாலும், மாட்டி உடனே விட நேர்ந்தாலும் நேரே முன்னால் இறங்க இடம் வேண்டும். தரைக் குழுவுக்கு ஒரே விதி: கயிற்றின் மடிப்புக்குள் யாரும் நிற்கக் கூடாது. விரித்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக, தொலைவில் நிற்க வேண்டும். ஓடும் கயிறு காலைச் சுற்றினால் அவ்வளவுதான்.

கொக்கியை எறிந்து, கேட்டு உறுதி செய்வது

திடலைச் சுற்றி வரும் வழக்கமான உயரத்துக்கு ஏறி, மட்டமாக, நிதானமான வேகத்தில் பறக்கும்போது எறியுங்கள். கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் பலமாக. மெல்ல நழுவ விட்டால் காற்று அதைச் சக்கரக் காலிலோ வாலிலோ கொண்டுபோய் மாட்டும்.

எறிந்ததும் தரைக் குழுவைத் தாண்டி ஒருமுறை பறந்து வானொலியில் கேளுங்கள். தரையில் நிற்பவர் பார்க்க வேண்டியது, வால் நுனியிலிருந்து ஒரே கோடாகக் கயிறு, அதன் கடைசியில் கொக்கி. கயிறு வாலுக்கு முன்னால் எங்காவது முறிந்து திரும்பினாலோ, கொக்கி குட்டையாகத் தெரிந்தாலோ சிக்கியிருக்கிறது என்று பொருள். "கொக்கி சரி" என்ற சொல் காதில் விழாமல் கம்பங்களை நோக்கி இறங்காதீர்கள். வானொலி வேலை செய்யவில்லை என்றாலும் இறங்காதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? கொக்கிக் கயிறு வால் சக்கரத்தையோ சக்கரக் காலையோ சுற்றியிருக்கும் நிலையில் பேனரை மாட்டிவிட்டால், ரிலீஸை இழுத்தாலும் கயிறு போகாது. ஹிட்ச் திறக்கும், ஆனால் இடையில் சுற்றிய இடம் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். அதாவது தப்பும் வழி அடைபட்டுவிட்டது, உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. சிக்கியது உறுதியானால் உலுக்கிக் கழற்ற முயலாமல், பாரம் ஏற்றாமல், ஆள் இல்லாத நீளமான புல்தரையில் மென்மையாக இறங்குங்கள்.

அள்ளுவது

1. எதிர்காற்றில், நீளமான நேர் இறக்கத்தோடு கம்பங்களை நோக்கி வாருங்கள். கடைசி நேரத்தில் வளைந்து வருவது கூடாது. காற்று வீச்சு மாறி மாறி அடித்தால் அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

2. இறக்கத்தில் கிடைத்த வேகத்தை வீணாக்காமல் கம்பங்களின் உச்சிக்குச் சற்று மேலே மட்டமாகுங்கள். சூப்பர் கப் போன்றவற்றில் சக்கரம் தரையிலிருந்து ஏறக்குறைய 20 அடி. வேகம் உங்கள் விமானத்துக்குக் கையேட்டில் எழுதிய அளவு, அதற்கு ஒரு நாட்கூடக் குறையக் கூடாது. கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தொடும்படி இடது கையோ வலது கையோ தயாராக இருக்கட்டும்.

3. கம்பங்கள் மூக்குக்குக் கீழே மறையும் நொடியில் முழு வலு கொடுத்து மூக்கைத் தூக்குங்கள். வால் தாழும்போது கொக்கியும் ஊசலாகக் கீழே இறங்கி வளையத்தைப் பிடிக்கும். சீக்கிரம் தூக்கினால் கொக்கி வளையத்துக்கு மேலே போகும், தாமதித்தால் கம்பங்களைத் தாண்டிவிடும்.

4. உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளி ஏறு வேகத்துக்கான நிலைக்கு மூக்கைக் கொண்டுவாருங்கள். பாரம் விழும் குலுக்கலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது வரும்போது மூக்கு ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

5. பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். மாட்டியதா என்று தரையிலிருந்து சொல்வார்கள், எஞ்சின் சத்தமும் வேகமானியும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

ஐந்தாவதைத்தான் மிகவும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது. தோளுக்கு மேல் திரும்பும்போது கை தன்னையறியாமல் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும், கால் ரடர் மிதியை (மூக்கை இடம் வலமாகத் திருப்புவது) ஒரு பக்கம் அழுத்தும். மூக்கு தூக்கி, வேகம் குறைந்த நிலையில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஸ்டாலோடு விமானம் சுழன்று விழவும் தொடங்கும். அந்த ஒரு பார்வை அவ்வளவு ஆபத்தானது. 300 அடி ஏறி, வேகம் நிலைத்த பிறகு பார்க்கலாம்.

மாட்டவில்லை என்றால் எதையும் இழக்கவில்லை. மூக்கை இறக்கி, சாதாரணமாக ஏறி மறுபடி வாருங்கள். மூன்று முறை தவறினால் இறங்கி, களைப்பா காற்றா கயிற்றின் நீளமா என்று தரைக் குழுவோடு பேசுங்கள். நான்காவது முயற்சியில் ஆத்திரம் உயரத்தைத் தின்னும்.

மாட்டியதும் வேகம் வேகமாகச் சரிந்தாலோ, விமானம் ஏறாமல் நின்றாலோ, பேனர் வேலியில் மாட்டியதாகத் தரையிலிருந்து சொன்னாலோ யோசிக்காமல் மூக்கைத் தாழ்த்தி ரிலீஸை இழுங்கள். துணி கிழிவது பொருட்டே அல்ல.

இழுத்துச் செல்லும்போது

அதிக வலு, குறைந்த வேகம், குறைந்த குளிர்காற்று. எஞ்சினுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. லைகமிங் எஞ்சின்களில் சிலிண்டர் தலை வெப்பத்தின் உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். நீண்ட ஆயுளுக்கு 435க்குள் வைத்திருக்க வேண்டும். எண்ணெய் வெப்பமும் ஏறினால் வலுவைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பேனர் அந்த விமானத்துக்குப் பெரிது, திரும்பிவிடுங்கள்.

எரிபொருள் கணக்கைத் தொலைவால் போடாதீர்கள், நேரத்தால் போடுங்கள். பேனரோடு எதிர்காற்றில் தரைவேகம் வெகுவாகக் குறையும், எஞ்சின் குடிப்பதோ கூடும். மூக்கு தூக்கிய நிலையில் நீண்ட நேரம் பறந்தால் தொட்டியின் அடியில் உள்ளது குழாய்க்கு எட்டாமலும் போகலாம். ஒரு மணி நேர இருப்போடு இறங்குவது தயங்காமல் கடைப்பிடிக்க வேண்டிய விதி.

கூட்டத்துக்கு மேலே பறக்காமல் ஓரமாகப் பறக்க வேண்டும், எஞ்சின் நின்றால் பேனரை விடவும் இறங்கவும் ஆளில்லா இடம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்கம்பின் எடை 200 அடியிலிருந்து விழுந்தால் ஆளைக் கொல்லும். காற்றோடு திரும்பும்போது தரை வேகமாக ஓடுவது போலத் தெரியும். அதைப் பார்த்து வலுவைக் குறைப்பதும் மூக்கைத் தூக்குவதும் பழைய தவறு. வேகமானியை மட்டும் நம்புங்கள்.

விடுவதும், விடாமல் போனால் செய்வதும்

பேனர் விமானத்துக்கு நேர் பின்னால் வருவதில்லை, கீழே தொய்ந்து வருகிறது. தாழ்ந்து வரும்போது விமானம் மரத்தைத் தாண்டிவிடும், பேனர் தாண்டாது. ஆகவே போடும் திடலின் எல்லையைக் கடக்கும்வரை மிக உயர்ந்த தடைக்கு மேலே கயிற்றின் நீளத்துக்குக் குறையாத உயரம் வையுங்கள். எதிர்காற்றில் வந்து, தரைக் குழு விலகி நிற்பதைக் கண்ணால் பார்த்து இழுங்கள். வலுவைக் குறைத்து வருவதால் கார்புரேட்டரில் பனி பிடிக்கும் நேரமும் இதுதான். ஈரப்பதம் மிகுந்த நாளில் இறங்கத் தொடங்கும் முன்பே கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்து பாருங்கள். பேனர் போனதும் விமானம் துள்ளும், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போகவில்லை என்றால் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, மூக்கை மெல்லத் தாழ்த்திக் கயிற்றைத் தளர்த்தியபடி மறுபடி இழுங்கள். அப்போதும் போகாவிட்டால், கம்பியும் வேலியும் சாலையும் இல்லாத பக்கமாக, வழக்கத்தைவிடச் செங்குத்தான இறக்கத்தோடு, கிடைக்கும் மிக நீளமான தளத்தில் இறங்குங்கள். பேனர் உங்களுக்கு முன்பே தரையைத் தொடும், விமானம் பின்னிழுக்கப்படும். கடைசி வரை கொஞ்சம் வலு தேவைப்படும்.

விபத்து நடந்துவிட்டால் தரைக் குழுவுக்கு

தீயணைப்பான் எடுத்துக்கொண்டு காற்று வரும் பக்கத்திலிருந்து அணுகுங்கள். அவசர உதவியை அழைக்க ஒருவர், விமானியிடம் செல்ல ஒருவர், கூட்டத்தைத் தடுக்க ஒருவர் என்று காலையிலேயே பெயர் சொல்லிப் பிரித்திருக்க வேண்டும். எட்டினால் எரிபொருள் வால்வையும் மாஸ்டர் சுவிட்சையும் மூடுங்கள்.

ஆளைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர வேறெதையும் நகர்த்தாதீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பதுதான், குற்றம் சுமத்துவது அல்ல என்கிறது. அதற்கு உதவுவது கிடந்தது கிடந்தபடி இருக்கும் சான்றுதான். நல்லெண்ணத்தில் பேனரைச் சுருட்டி ஓரம் வைப்பவர்களே அதிகம், அதோடு கயிறு எங்கே சிக்கியது என்ற விடையும் போய்விடும். ரிலீஸ் கைப்பிடி எந்த நிலையில் இருந்தது, கயிற்று வளையம் ஹிட்ச்சுக்குள் இருந்ததா வெளியே வந்திருந்ததா, கொக்கியின் முள்ளில் என்ன மாட்டியிருந்தது, இந்த மூன்றையும் தொடாமல் படமெடுத்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.